எங்கள் வீட்டுக் கிழக்கு

கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் மனைவி, "ஏனுங்க, கொஞ்சம் தெக்கால நவுந்து உக்காருங்க" என்றாள். நான் கையில் பலகாரத் தட்டோடு சோபாவில் இருந்தேன். எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் எழுந்தே நின்றுவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த அவள் அப்பா ஊரில் போய், "மாப்பிள்ளை நல்ல பையன்தான், என்ன, கெழக்கு மேக்கு தெரியாத பையன்" என்று சொன்னாராம். அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை என்பதால் எனக்குக் கோபப்படக்கூட வழியில்லை.

அவள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அங்கே சாப்பாட்டு இலையில் ஊறுகாய்கூட வடக்காலதான் இருக்கும், இடது பக்கம் இருக்காது. நான் பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். எங்கள் வீட்டில் வழி சொல்வதென்றால் சர்ச் பக்கம், மார்க்கெட் பக்கம், ரைட், லெஃப்ட், அவ்வளவுதான். கிழக்கு என்பது கல்யாணப் பத்திரிகையிலும் ஜோசியரிடமும் மட்டும் வரும் சொல்.

இவள் பெங்களூருக்கு வந்தும் மாறவில்லை. ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்த அன்று முதல் எல்லாம் திசைதான். சர்க்கரை டப்பா கிழக்கே, மிளகாய்த்தூள் மேற்கே, என் செருப்பு தெற்கே. நானும் பல வருடம் கேட்டுக் கேட்டுப் பாதி புரிந்தும் பாதி தலையாட்டியும் காலம் தள்ளினேன்.

பிறகு என் கண் போக ஆரம்பித்தது.

விழித்திரை நோய். ஒரேயடியாகப் போகவில்லை. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஓரங்கள் முதலில் மங்கின, அந்தக் குழாயும் வருடத்துக்கு வருடம் சிறுத்தது. இன்று வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வேலை தப்பித்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். திரையில் இருப்பதைக் கணினி எனக்கு வாசித்துக் காட்டும், நான் தட்டச்சு செய்வேன். அலுவலகத்துக்குள் எனக்கு ஒரு குறையும் இல்லை. அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பாடு.

எங்கள் தெருவுக்குள் கம்பெனி கார் வராது. இரண்டு பக்கமும் பைக்குகள், நடுவில் தண்ணீர் லாரி, அதற்குள் எங்கே வரும்? தெருமுனை வரை நடந்து, திரும்பி, பேக்கரி வரை போய், பெரிய சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நிற்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் மூடாமல் விட்டிருந்த சாக்கடையில் நான் விழுந்து கை முறிந்தது. மறுநாளே என் மனைவி தான் பாடம் நடத்திக்கொண்டிருந்த பள்ளி வேலையை விட்டுவிட்டாள். நான் சொல்லவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து காலையில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போவேன், மாலையில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். மகள் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

அவள் எவ்வளவு நல்ல டீச்சர் என்று எனக்குத் தெரியும். மார்க்கெட்டில், கோயிலில், எங்கே போனாலும் "மிஸ், மிஸ்" என்று யாராவது ஓடிவந்து அவள் கையைப் பிடிப்பார்கள். அப்போது என்னைப் பிடித்திருக்கும் அவள் முழங்கை கொஞ்சம் நிமிரும். வீட்டுக்கு வந்ததும் நேரே பாத்திரம் துலக்கப் போய்விடுவாள்.

போன கோடைக்கு முன்னால் அந்தப் பழைய பள்ளியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது சேர முடியுமா என்று கேட்டார்கள். பள்ளி எங்கள் வீட்டிலிருந்து கார் வரும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். மணியடிக்கும் நேரமும் என் கார் வரும் நேரமும் ஒன்று. அவள் போனில், "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆசையை மறைக்க அவள் பட்ட பாடு எனக்குக் கேட்டது. கண் போனவனிடம் குரலை மறைக்க முடியாது.

"நீ போ. நான் தனியாப் போய்க்கிறேன்" என்றேன்.

"போவீங்க போவீங்க" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பார்வையற்றவர்களுக்கு நடைப்பயிற்சி தரும் ஓர் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த பயிற்சியாளர் பெண் முதல் நாளே கேட்ட கேள்வி: "சார், உங்க ரைட் எந்தப் பக்கம்?" கையைக் காட்டினேன். "இப்ப திரும்பி நில்லுங்க. இப்ப எந்தப் பக்கம்?" மறுபடியும் காட்டினேன். "பாத்தீங்களா, நீங்க திரும்பினா அதுவும் திரும்பிடுது. கூட்டத்துல ஒருத்தர் இடிச்சு நீங்க லேசா திரும்பிட்டீங்கன்னா, ரைட் லெஃப்ட் நம்பி எங்கே போய் நிப்பீங்க? நார்த் திரும்பாது சார்." போனில் திசைகாட்டியைப் பேசவைக்கக் கற்றுக்கொடுத்தாள். போனைத் தட்டையாக நெஞ்சுக்கு நேரே பிடித்தால் ஒரு பெண்குரல் நாம் பார்த்திருக்கும் திசையை டிகிரியோடு சொல்லும். வடக்கு பூஜ்யம், கிழக்கு தொண்ணூறு, தெற்கு நூற்றி எண்பது. பெரிய இரும்புக்குப் பக்கத்தில் அந்தக் குரல் உளறும், அப்போது விலகி வந்து போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல ஆட்டினால் சரியாகும் என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உங்க ஊர்ப் பேச்சுதான் சரியாம்" என்றேன். அவள் சந்தோஷத்தை என்ன சொல்ல! இத்தனை வருடம் நான் கிண்டல் செய்த பேச்சு இப்போது எனக்கே மருந்தாகிவிட்டது. அன்றே ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம், "உங்க மாப்பிள்ளை இப்பத்தான் கெழக்கு மேக்கு படிக்கறாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ஒரு வாரம் வீட்டில் கல்யாணக் களைதான். குளியலறையில் சோப்பு மேற்கே, துண்டு வடக்கே என்று அவள் சொல்லச் சொல்ல, நான் கை நீட்டிச் சரியாக எடுத்தேன். போனில் பேசும் பெண்ணுக்கு "போனுக்காரி" என்று பேர் வைத்தாள். "போனுக்காரி எதுக்கு, நான் இருக்கையில?" என்றாள்.

நடைக்கும் அவளே பாதை போட்டாள். "கேட்டை விட்டு வடக்கால திரும்புங்க. தெருமுனை. அங்கிருந்து கெழக்கால. பேக்கரி வாசம் வரும். அதே கெழக்கால நேரா ரோட்டைத் தாண்டினா கார் நிக்கற இடம்." இதை மனப்பாடம் செய்தேன்.

தெருவுக்குள் திசை தவறினாலும் ஆபத்தில்லை. கைத்தடிக்குச் சுவரோ பைக்கோ தட்டுப்படும், திருத்திக்கொள்ளலாம். பேக்கரிக்கு அப்பால்தான் சங்கதி. அங்கே சாலை மைதானம் போல அகலம். நடைமேடை கிடையாது, கோடு கிடையாது. நடுவில் பல காலமாகக் கட்டிக்கொண்டே இருக்கும் மேம்பாலத்தின் தூண்கள். அந்தத் தூண்களுக்கு இடையில் கிடைத்த சந்தில் பைக்குகள் புகுந்து திரும்பும். நான் கடக்க வேண்டிய இடத்துக்கும் அந்தச் சந்துக்கும் அதிக தூரம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. அவள் பேக்கரி வாசலில் நின்றுகொண்டாள். "இப்ப வண்டி இல்லீங்க, நேரா கெழக்கால போங்க" என்றாள். நான் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து, போனுக்காரி "நைன்ட்டி டிகிரீஸ், ஈஸ்ட்" என்று சொல்லும்வரை உடம்பைத் திருப்பி, ராணுவச் சிப்பாய் மாதிரி நடந்தேன். பின்னால் அவள் "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தியது கேட்டது. அவள் கத்தியது எதற்கென்று புரிவதற்குள் சந்திலிருந்து புகுந்த ஒரு பைக் என் முழங்காலில் இடித்து, நானும் அந்த ஆளும் அவன் வண்டியும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தோம்.

அவன் கன்னடத்தில் திட்டத் தொடங்கி, கைத்தடியைப் பார்த்ததும் நிறுத்தி, என்னைத் தூக்கி உட்கார வைத்தான். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"கெழக்கால போங்கன்னா ஏனுங்க வடக்கால ஒதுங்குனீங்க?"

"நான் ஏன் ஒதுங்கறேன்? கிழக்குலதான் நடந்தேன். போன் சொல்லிச்சே!"

"அப்ப போனு பொய் சொல்லுது."

"போனுக்குப் பொய் சொல்லி என்ன ஆகணும்? நீதான் தப்பாச் சொல்லியிருக்கே."

அவளுக்கு அந்த வார்த்தை தைத்துவிட்டது. நீ சமைத்தது வேகவில்லை என்றால் பொறுத்துக்கொள்வாள், கிழக்கு தெரியவில்லை என்றால் எப்படிப் பொறுப்பாள்? "எனக்கா கெழக்கு தெரியாது? எனக்கா?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டாள். நானும் விடவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் வீடு வரை சண்டை போட்டோம். வீட்டுக்குள் வந்ததும் என் முழங்காலுக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே, ரொம்ப அமைதியாகச் சொன்னாள்: "நான் வேலைக்குப் போகலீங்க. நாளைக்கே சொல்லிடறேன்."

முழங்கால் வலி எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லி அவளைத் தடுக்க வேண்டும் என்றிருந்தது, ஆனால் இடிபட்ட முழங்காலை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

"நாளைக்குச் சொல்லாதே. ரெண்டு நாள் பொறு" என்று மட்டும் கெஞ்சினேன்.

மறுநாள் காலை அவள் கோலம் போட வெளியே போயிருந்தபோது நான் எங்கள் வாசற்படியில் நின்றேன். முதுகைக் கதவில் ஒட்டி, தெருவை நேரே பார்த்து நின்று போனைப் பிடித்தேன். எங்கள் வீடு கிழக்கு பார்த்த வீடு. வீடு தேடி அலைந்தபோது வீட்டுக்காரர் முதலில் சொன்னதே அதுதான்: "ஈஸ்ட் ஃபேசிங் சார், பக்கா." பெங்களூரில் இதைச் சொல்லாத வீட்டுக்காரர் கிடையாது. ஆகவே போன் தொண்ணூறு சொல்ல வேண்டும். போனுக்காரி சொன்னாள்: "ஒன் ட்வென்டி டிகிரீஸ், சௌத் ஈஸ்ட்."

இரும்பு கேட் காரணமாக இருக்கும் என்று எட்டுப் போட்டேன். மறுபடியும் நூற்றி இருபது. அவள் போனிலும் அவளையே பார்த்துச் சொல்லச் சொன்னேன். அதுவும் நூற்றி இருபது. "மொட்டை மாடிக்குப் போலாம் வா" என்றேன். அவள் கோலமாவுக் கையோடு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே பல வருடங்களுக்கு முன்பே நான்கு மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வெயில் என்பதே கிடையாது, உச்சி வெயில் மட்டும்தான். மாடிக்குத் துணி உலர்த்த அவள் போவதும் மத்தியானத்தில்தான். அன்று விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தெருவைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் நான் இரண்டு கைகளையும் ஊன்றி, மூக்குக்கு நேரே தெரு இருக்கும்படி நின்றேன். வெயில் மெல்ல வந்தது. எனக்கு அது மூக்கின் மேல் விழவில்லை. இடது கன்னத்தில் விழுந்தது.

"சூரியன் எங்கே இருக்கு?" என்றேன்.

அவள் கோலமாவுக் கையைத் தட்டித் துடைப்பது கேட்டது.

"சொல்லு."

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால" என்றாள். தண்ணீர்த் தொட்டி எங்கள் மாடியின் இடது மூலையில் இருக்கிறது. அவள் கணக்கில் அது வடகிழக்கு மூலை.

அவள் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் பிடிபட்டது. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தது மார்கழியில்; அந்த மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள், எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்போது எதிரே காலி மனை. முதல் நாள் காலையில் கதவைத் திறந்ததும் வெயில் நேரே கூடத்துக்குள் வந்து விழுந்தது என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். மார்கழியில் சூரியன் தென்கிழக்காக ஒதுங்கித்தான் உதிக்கும், அது எங்கள் வாசலுக்கு நேராக அமைந்துவிட்டது. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, அவரும் ஏதோ ஒரு மார்கழியில் பார்த்திருப்பார். இவளும் போனை நம்பவில்லை, வீட்டுக்காரரை நம்பவில்லை, சூரியனைத்தான் நம்பினாள். அந்த ஒரு காலையை வைத்து மொத்த பெங்களூரையும் மனசுக்குள் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டாள். அதன்பிறகு கட்டடம் வந்து மறைத்தது, திருத்திக்கொள்ள வாய்ப்பே வரவில்லை.

"அப்ப இத்தன வருசமா நான் கெழக்குன்னு நெனச்சு வெளக்கேத்துனது?" என்றாள்.

"தென்கிழக்கு. அக்கினி மூலை. விளக்குக்கு நல்லதுதானே" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். வாழ்க்கையில் எத்தனையோ விட்டுக்கொடுத்து வந்தவள், ஊரை விட்டு வந்தாள், வேலையை விட்டாள், எதற்கும் இப்படி அழுததில்லை. எனக்கு அவள்மேல் வந்த இரக்கத்துக்கு அளவில்லை. நான் கண்ணை இழந்தபோது எனக்குத் திசை சொல்ல அவள் இருந்தாள். அவள் திசையை இழந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான், கிழக்கு மேற்கு தெரியாதவன்.

"விடு. உன் கிழக்கையே வெச்சுக்கலாம். நான் முப்பது டிகிரி சேத்து நடந்துக்கறேன்" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "ஆகாதுங்க. ரோட்டுல யாராவது வேற ஆளு கெழக்குன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? ஒரு வீட்டுக்குன்னு தனியா ஒரு கெழக்கு இருக்குமாக்கும்?" என்றாள். "நானே மாத்திக்கறேன்."

மாற்றிக்கொள்வது என்றால் என்னவென்று எனக்கு அடுத்த சில வாரங்களில்தான் தெரிந்தது. யோசிக்காமல் பேசியவள் யோசித்துப் பேச ஆரம்பித்தாள். "சோப்பு உங்களுக்கு மேக்..." என்று தொடங்கி நிறுத்துவாள். போனை எடுப்பாள். "வடமேற்கால" என்பாள். தன் சமையலறையிலேயே உப்பு எந்தப் பக்கம் என்று நின்று தடவினாள். ஒரு நாள் ஈரத்தரையில் கதவில் இடித்துக்கொண்டு, "கண்ணு தெரிஞ்சே இப்படி இருக்குது, நீங்க எப்படித்தான் சமாளிக்கறீங்களோ" என்றாள். பூஜை அலமாரியில் விளக்கை அசல் கிழக்குக்குத் திருப்பிவைத்தாள். அலமாரி நேராக இருக்க, விளக்கு மட்டும் கோணலாக நிற்குமாம். வருகிறவர்கள் எல்லாம் அதை நேராக்கிவிட்டுப் போவார்கள், அவர்கள் போனதும் இவள் மறுபடியும் திருப்புவாள்.

பாதையையும் மறுபடியும் போட்டாள். இந்த முறை பேச்சில் இல்லை, டிகிரியில். பேக்கரி வாசலிலிருந்து சாலையைக் கடக்க நூற்றி இருபது. என் கையைப் பிடித்துக்கொண்டு பல காலை நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள், பிறகு பேக்கரியில் நின்று கூப்பிட்டாள், பிறகு கூப்பிடாமல் பின்னாலேயே வந்தாள். அவள் வருவது எனக்குத் தெரியும். வலது செருப்பு லேசாக இழுக்கும் சத்தம். "வராதேன்னா கேக்கிறியா?" என்பேன். "நான் எங்க வந்தேன், கொத்தமல்லி வாங்கப் போறேன்" என்பாள். பேக்கரிக்குப் பக்கத்தில் ஓர் அம்மா தள்ளுவண்டியில் கீரை விற்பார். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கொத்தமல்லிச் சட்னிதான்.

ஜூனில் பள்ளி திறந்தது. அன்று காலை வானம் மூடியிருந்தது, கன்னத்தில் வெயில் என்று ஒன்றும் இல்லை. இருவரும் ஒன்றாகக் கேட்டைத் தாண்டினோம். அவள் கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டியிருந்தாள், நடக்கும்போது சரசரவென்றது. "ஜாக்கிரதைங்க" என்றாள். நான் இடப்புறம் திரும்பினேன். அவள் வலப்புறம் போக வேண்டும். சரசரப்பு நகர்ந்ததா என்று கேட்கக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன். மனசுக்குள் ஒன்று மட்டும் உறுதி. இவள் என்னை விட்டுப் போக மாட்டாள். முதல் நாள் லேட்டானாலும் பரவாயில்லை என்று பின்னால் வருவாள்.

தெருமுனை, திருப்பம், வெண்ணெய் பிஸ்கட் வாசம், எல்லாம் சரியாக வந்தது. பேக்கரி வாசலில் நின்று போனைப் பிடித்தேன். "த்ரீ ஹன்ட்ரட் டிகிரீஸ், நார்த் வெஸ்ட்" என்றாள் போனுக்காரி. வந்த வழியைச் சொல்கிறாள். கொஞ்சம் நகர்ந்தேன். "நார்த் ஈஸ்ட்." இன்னும் கொஞ்சம். "சௌத்." கைத்தடியை நீட்டினேன், பெரிய டயர் ஒன்றில் தட்டியது. அதற்கு மேலே கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். மேம்பாலத்துக்கு இரும்புக்கம்பி ஏற்றிவந்த லாரியைப் பேக்கரி வாசலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அதற்குள் லாரியைத் தடவிக்கொண்டு இரண்டு மூன்று முறை திரும்பியதில் நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பதே போய்விட்டது. எல்லாப் பக்கமும் ஹாரன். சத்தத்தை வைத்துச் சாலை எது தெரு எது என்று பிரிக்க முடியவில்லை. முழங்காலில் ஆறிப்போன இடம் வலித்தது. சரி, அவள் பின்னால்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். பின்பக்கம் திரும்பினேன். பயத்தை எல்லாம் கோபமாக்கி உரக்கச் சொன்னேன்: "போதும், பாத்துக்கிட்டு நிக்காதே. வந்து கையப் பிடி. எந்தப் பக்கம்னு சொல்லு."

பதில் இல்லை.

"உன்னைத்தான். பின்னால வர்றேன்னு எனக்குத் தெரியும்."

"யாரக் கேக்கற சார்?" என்றது கீரைக்கார அம்மாவின் குரல். "உன் பின்னாடி யாரும் இல்லியே."

"எங்க வீட்டம்மா. தினமும் வருவாங்களே?"

"அந்த அம்மாவா? இன்னிக்கி வரல சார். நீ ஒண்டியாத்தான் வந்த. முனையிலருந்தே பாத்துனு கீறேன்."

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். விட்டுவிட்டுப் போய்விட்டாளா? என்னை இந்த லாரிக்கும் பைக்குகளுக்கும் நடுவில் விட்டுவிட்டு, கஞ்சிச் சேலை கட்டிக்கொண்டு போய்விட்டாளா? அந்த ஆத்திரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. தனியாகப் போவேன் என்று மாதக்கணக்கில் தொண்டை கிழியச் சொன்னவன் நான். நான் சொன்னதை நானே நம்பவில்லை. நம்பியது அவள். நடுத்தெருவில் நின்று எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

"இன்னா சார், கைபுட்சி வுடட்டா?" என்றார் அந்த அம்மா.

"வேண்டாம்மா. பேக்கரி சுவர் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சுவரைத் தட்டிக் காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்த வழியில் திரும்பினேன், லாரியின் டீசல் வாசம் விடும்வரை. போனை எடுத்து எட்டுப் போட்டேன், இன்னொரு எட்டுப் போட்டேன். போனுக்காரி தெளிந்தாள். நூற்றி இருபதுக்கு உடம்பைத் திருப்பினேன். தோள் சுவரை ஒட்டியிருக்கும் விதத்தை மனசில் குறித்துக்கொண்டேன். லாரிக்குப் பக்கத்தில் வரும்போது போன் எதைச் சொன்னாலும் கேட்பதில்லை என்று போனைப் பையில் போட்டு, சுவரை உரசியபடியே பேக்கரி வாசலுக்கு வந்தேன்.

"அம்மா, வண்டி வந்தா மட்டும் சொல்லுங்க."

"இரு சார். இரு. இரு. இப்ப போ சார், போ போ!"

போனேன். தூண்களைத் தாண்டிக் காற்று திறந்தது. எதிர்ப்புறத்தில் கைத்தடி கல்லில் இடித்தது. எங்கள் கார் டிரைவர், "சார், மேடம் எல்லி?" என்று அவளைத் தேடினார். "ஸ்கூலுக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. டோல் மேம்பாலத்தில் போகும்போது டிரைவரிடம் அதையே இன்னொரு தரம் சொன்னேன்.

சாயங்காலம் முந்நூறு டிகிரியைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பி வருவதற்குள் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். சேலையின் கஞ்சி எல்லாம் போய்ச் சத்தமில்லாமல் நடந்தாள். குரல் கம்மியிருந்தது, பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்தியிருப்பாள். காபி கொண்டுவந்து, "உங்களுக்குக் கெழக்கால வெச்சிருக்கனுங்க" என்றாள். யோசிக்காமல் சொன்னாள். கை நீட்டினேன், அசல் கிழக்கில் டம்ளர் இருந்தது.

பேக்கரி வாசலில் நான் யாருமில்லாத இடத்தைப் பார்த்து அதட்டியதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க முனை திரும்பற வரைக்கும் கேட்டுலயே நின்னனுங்க" என்றாள். "அப்புறம் தென்மேற்கால திரும்பி நடந்துட்டேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலீங்க. பாத்திருந்தா, உங்க பின்னாலதான் வந்திருப்பேன்."